பத்து விரலும் ஒரு சோபாவும்

பூனைக்கு ‘நகம் எடுப்பது’ என்று ஒரு அறுவை சிகிச்சை உண்டு. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகச் செய்கிறார்கள். அந்தப் பெயரிலேயே பொய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் உட்கார்ந்து நாம் நகம் வெட்டிக்கொள்வோமே, அதையே கொஞ்சம் ஆழமாக, ஒரே தடவையில் செய்து முடிப்பது போலிருக்கிறது என்றுதான் கேட்கிறவர் நினைப்பார். பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து முளைக்கிறது. திரும்ப முளைக்கக் கூடாது என்றால் அந்த எலும்பையே எடுத்தாக வேண்டும். உங்கள் கையை விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் நகம் இருக்கிற கடைசிக் கணு. அந்தக் கணுவோடு துண்டிப்பதற்குப் பெயர்தான் நகம் எடுப்பது. முன்னங்கால் இரண்டிலும் சேர்த்துப் பத்து விரல். கத்தியில் செய்தாலும் லேசரில் செய்தாலும் பத்துத் துண்டிப்பு.

எதற்காக? பெரும்பாலும் சோபாவுக்காக.

இதை அருப்புக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு நான் எதற்கு எழுத வேண்டும்? காரணம் இருக்கிறது. டெக்சாஸில் இருக்கிற என் பெரியம்மா மகள் ஒரு பூனை வளர்க்கிறாள். போன வருஷம் குடும்ப வாட்ஸப் குழுவில் அக்கா கேட்டாள்: “புது சோபாவப் பிராண்டிப் பிராண்டி நாசம் பண்ணுது. இங்க டாக்டர்ட்ட சொன்னா நகத்த எடுத்துருவாங்களாம். எடுத்துரலாமா?” குழுவில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை. சின்ன மாமா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மதினி, “புள்ள இருக்கிற வீடு, எடுத்துர்றது நல்லதுதான்” என்றார். சித்தப்பா ஒருத்தர் மட்டும், “நகம் இல்லாட்டி அது எலிய எப்பிடித்தா பிடிக்கும்?” என்று கேட்டார். அதுக்கு மூணு பேர் விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை போட்டார்கள். டெக்சாஸில் எலி எங்கே இருக்கிறது, பூனைக்குத்தான் டப்பாவில் சாப்பாடு வருகிறதே என்று அர்த்தம்.

சித்தப்பா முப்பது வருஷம் தறி ஓட்டியவர். அவர் கேட்டது சிரிப்பதற்கான கேள்வி இல்லை என்பது என் கட்சி.

அருப்புக்கோட்டை நெசவூர். தறி இருக்கிற வீட்டுக்கு எலி வரும். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். அந்த வாசத்துக்கு வந்து நூலைக் கடித்துவிடும். ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழை. அறுந்ததை ஒவ்வொன்றாகப் பிணைத்து எடுப்பதற்குள் அன்றைய கூலி போய்விடும். அதனால் பூனை வேண்டும். ஆனால் எலியைப் பிடிக்கிற அதே நகம் பாவையும் கிழிக்கும். இழுத்துக் கட்டிய பாவு மாதிரி பிராண்டுவதற்குத் தோதான சாமான் பூனைக்கு வேறென்ன கிடைக்கப்போகிறது?

எங்கள் தெருவில் இந்தச் சிக்கலுக்கு ஒரே ஒரு தீர்வுதான் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் பழைய வேட்டியை எடுத்துப் பாவின் மேல் போர்த்துவார்கள். முற்றத்தில் ஒரு கருவேலங்கட்டை கிடக்கும், அல்லது தூணில் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். பூனை அதில் போய் நகம் தீட்டும். எப்போதாவது ஏமாந்த நேரத்தில் பாவில் கை வைத்துவிட்டால் வசவு விழும், ஒரு செருப்பும் பறக்கும். அத்தோடு சரி. கூலியே அந்த நூலில்தான் தொங்குகிறது என்ற நிலையில் இருந்த மனுசனுக்குக்கூடப் பூனையின் விரலை வெட்டலாம் என்று தோன்றவில்லை.

திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் கிராமங்களிலும் இதே கதைதான். கம்பும் சோளமும் உளுந்தும் குலுக்கையில் கிடந்த காலத்தில் பூனையை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. அது வந்தது, இருந்தது. அரிசிப் பானை மூடியைத் தள்ளும், பாலில் வாய் வைக்கும், மச்சில் குட்டி போடும். மூடியின் மேல் கல்லை வைத்தார்கள். பாலை உறியில் தொங்கவிட்டார்கள். உறி என்ற சாமானுக்குப் பின்னால் இருக்கிற அறிவை யோசித்துப் பாருங்கள். பூனை தாவும், அது பூனையின் உடம்பு. ஆகவே பால் மேலே போகட்டும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: விலங்கின் உடம்புக்கும் நம் வீட்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வீடுதான் இடம் கொடுக்க வேண்டும். உடம்பு கொடுக்கக் கூடாது. நகம் எடுக்கிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சோபா நகராது, திரைச்சீலை மாறாது, பூனையின் விரல் குறையட்டும் என்கிறார்கள்.

“அதுக்குத்தான் வேட்டையே இல்லையே, நகம் எதுக்கு?” என்று கேட்கலாம். எலி பிடிப்பது நகத்தின் பல வேலைகளில் ஒன்று. பூனை விரல் நுனியில் நடக்கிற பிராணி. நம்மைப் போல உள்ளங்கால் பாவ நடப்பதில்லை. கடைசி எலும்பு போனால் அது நிற்கிற விதமே மாறுகிறது. தூங்கி எழுந்ததும் எங்காவது நகத்தை ஊன்றி முதுகை நீட்டி இழுக்கிறதே, நகம் இல்லாமல் அந்த இழுப்பு முடியாது. பிராண்டும்போது நகத்தின் பழைய மேலுறை கழன்று விழுகிறது. பாதத்தில் இருக்கிற சுரப்பிகளால் தன் வாசத்தை அங்கே விட்டுவைக்கிறது. நம் கண்ணுக்கு சோபா நாசமாகிறது. அது தன் வீட்டுக்குப் பேர்ப்பலகை மாட்டுகிறது.

2017-ல் பூனை மருத்துவத்துக்கான ஆய்விதழ் ஒன்றில் ஒரு ஆய்வு வந்தது. 274 பூனைகளை எடுத்துக்கொண்டார்கள். சரிபாதி, 137, நகம் எடுக்கப்பட்டவை. அவற்றில் முதுகு வலி, கடிக்கிற பழக்கம், மண் தட்டை விட்டுவிட்டுக் கண்ட இடத்தில் போவது எல்லாமே மற்றவற்றைவிட அதிகம். நகம் எடுக்கப்பட்டவற்றில் 63 சதவீதத்துக்கு எலும்புத் துணுக்கு உள்ளேயே மிச்சம் இருந்தது. யோசித்தால் புரியும். வெட்டுப்பட்ட விரலோடு மண்ணைத் தோண்டினால் வலிக்கும். வலிக்கிற இடத்துக்கு எந்தப் பிராணி திரும்பப் போகும்? மெத்தையும் துணிக்குவியலும் மெத்தென்று இருக்கும், அங்கே போகிறது. கீறி எச்சரிக்க வழியில்லாததால் நேரே கடிக்கிறது. நகம் போன இடத்தில் பல் வருகிறது. ‘புள்ள இருக்கிற வீடு’ என்று மதினி கவலைப்பட்டாரே, கீறலைவிடப் பூனைக்கடி மோசம். பல் ஆழமாக இறங்கும், சீழ் வைக்கும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். இருப்பதிலேயே கனமானதை முதலில் எடுக்கிறேன்.

“நகத்த எடுக்காட்டி தெருவுல விட்ருவாங்க. தெருவுல சாகுறதுக்கு நகமில்லாம வீட்ல இருக்கட்டுமே.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் சில வீட்டு ஓனர்கள், பூனை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் நகம் எடுத்திருக்க வேண்டும் என்று நிபந்தனையே போட்டார்கள். வாடகைக்கு வீடு தேடி அலைந்த எல்லோருக்கும் இந்தக் குரல் பழக்கம்தான்: நீ வரலாம், உன்னில் எனக்குப் பிடிக்காத பாகத்தை வெளியே விட்டுட்டு வா. கலிஃபோர்னியா 2012-ல் ஒரு சட்டம் போட்டு, ஓனர்கள் அப்படிக் கேட்கவே கூடாது என்றது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2018-ல் நகம் எடுப்பதையே தடை செய்தார்கள். தடைக்கு முன்னும் பின்னும் அங்குள்ள காப்பகங்களுக்கு வந்த பூனைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், தடையால் பூனைகளைக் கொண்டுவந்து விடுவது கூடவில்லை என்று தெரிந்தது. ஐரோப்பாவின் செல்லப்பிராணிப் பாதுகாப்பு ஒப்பந்தம் 1987-லேயே இதைக் கூடாது என்றது. இஸ்ரேல் 2011-ல் தடுத்தது. நியூயார்க் 2019-ல் தடுத்தது. அங்கெல்லாம் சோபாவும் இருக்கிறது, பூனையும் இருக்கிறது. இதற்கு மேலும், விரலை வெட்டினால்தான் வைத்துக்கொள்வேன் என்கிறவரிடம் பூனை பத்திரமாக இருக்குமா? நாளைக்கு அது மெத்தையில் ஈரம் பண்ணும்போது என்ன செய்வார்?

அடுத்தது, “கருத்தடையும் வெட்டுதானே? அத மட்டும் சரிங்கிறீங்க?” ஆமாம், வெட்டுதான். அதுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஒரு பெட்டைப் பூனை வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை குட்டி போடும். அதில் எத்தனை ரோட்டில் அடிபட்டுச் சாகின்றன என்று நம் எல்லோருக்கும் தெரியும். கருத்தடை அந்தச் சாவைக் குறைக்கிறது. கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற நோய் அந்தப் பூனைக்கு வராமல் காக்கிறது. வேறு சுலபமான வழியும் இல்லை. முக்கியமாக, அதற்குப் பிறகும் பூனை நடக்கும், ஏறும், தாவும், பிராண்டும். தெருநாய்க்குக் கருத்தடை செய்து காதில் ஒரு சின்ன வெட்டு அடையாளம் வைக்கிறார்கள் என்றால், அதே நாயை மறுபடி பிடித்து மறுபடி வயிற்றைக் கிழிக்காமல் இருப்பதற்காக. ஒவ்வொரு வெட்டிடமும் மூணு கேள்வி கேட்கலாம். யாருடைய தொந்தரவைத் தீர்க்கிறது? வேறு வழி இருந்ததா? வெட்டிய பிறகு அந்தப் பிராணி தன் வாழ்க்கையை வாழ முடிகிறதா? நகம் எடுப்பது மூன்றிலும் தோற்கிறது. தேங்காய் நார்க் கயிறு சுற்றிய ஒரு கட்டை, ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் நுனி நகத்தை நறுக்குவது, நகத்தின் மேல் மாட்டுகிற பிளாஸ்டிக் உறை என்று வேறு வழிகள் வரிசையாக நிற்கின்றன. அக்காவுக்கு நான் அனுப்பியது இந்தப் பட்டியலைத்தான். கட்டைக்கு ஆகிற செலவு சோபாவின் ஒரு குஷனுக்குக்கூட வராது.

மூணாவது, நம் ஊரில் எப்போதும் கைவசம் இருப்பது: “ஆட்டுக்கறி திங்கிறவனுக்குப் பூன நகத்தப் பத்தி என்ன பேச்சு?” நான் கறி தின்கிறவன்தான். கறி தின்பது சரியா என்று விவாதிக்க விரும்புகிறவரோடு தனியாக உட்காரத் தயார். ஆனால் ஒரு தப்பைச் செய்கிறவன் இன்னொன்றைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றால் ஊரில் யாருமே எதையும் பேச முடியாது. இந்த வாதத்தைச் சொல்கிறவர்கள் ஆட்டுக்காக ஒருநாளும் பேசியதில்லை என்பதையும் கவனியுங்கள். பூனையைப் பற்றிய பேச்சை நிறுத்துவதற்கு மட்டும்தான் அவர்களுக்கு ஆடு தேவைப்படுகிறது.

நாலாவது எனக்கு உண்மையிலேயே முக்கியம். “நம்ம ஊர்ல யாரும் பூன நகத்த எடுக்கலயே. வெள்ளக்காரன் செய்றதுக்கு நாம ஏன் அழணும்?”

பூனையை விடுங்கள், நாயைப் பார்ப்போம். எங்கள் கரிசல் காட்டு நாய்க்கு இப்போது ஊரெல்லாம் மவுசு. சிப்பிப்பாறை என்பது எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற ஊரின் பெயர். 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொன்னார். எல்லோருக்கும் பெருமை. ஆனால் இதே மண்ணில், குட்டி கண் திறந்து கொஞ்ச நாளில் சவர பிளேடை எடுத்துக் காதை நறுக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி அழுகி விழ விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மரத்துப்போக ஊசி கிடையாது. சாம்பலும் மஞ்சளும் அப்பினால் வைத்தியம் முடிந்தது. கேட்டால், “காது நின்னாத்தான்டா நாய்க்கு ஒரு இது இருக்கும்” என்பார்கள். அந்த ‘ஒரு இது’ பெரும்பாலும் சினிமாவில் வில்லன் வீட்டு வாசலில் பார்த்த டாபர்மேனின் சாயல். நாட்டு நாய் வேண்டும், ஆனால் அது சீமை நாய் மாதிரி இருக்க வேண்டும். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழி சொன்ன ஊர், நிமிராததை வெட்டிவிட முடிவெடுத்திருக்கிறது.

“வெட்டுனா நல்லா கேக்கும்”, “வால் இல்லாட்டி வெறி புடிக்காது” என்றும் சொல்வார்கள். வெறிநோய் கடியில் வருகிறது, தடுப்பூசியில் நிற்கிறது. வாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முயலை விரட்டி ஓடுகிற நாய் சட்டென்று திரும்பும்போது வால்தான் உடம்பை நிலைநிறுத்துகிறது. நாய் சந்தோசமா இருக்கிறதா, பயப்படுகிறதா என்று இன்னொரு நாய் படிப்பது காதையும் வாலையும் வைத்து. அதை அறுப்பது என்பது பேச்சை அறுப்பது.

2011-ல் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில், அழகுக்காக வால் நறுக்குவதையும் காது வெட்டுவதையும் மருத்துவர்கள் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. நாய் வளர்ப்போர் தரப்பு வழக்குக்குப் போனது. 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. ஆனால் அதற்கெல்லாம் முன்பிருந்தே 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 11-ஆம் பிரிவு, விலங்கின் உறுப்பைச் சிதைப்பது குற்றம் என்கிறது. அதே பிரிவு சிலவற்றுக்கு விலக்கும் தருகிறது: மாட்டுக்குக் கொம்பு நீக்குவது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது. அன்றைக்கு நாடு உழவு மாட்டை நம்பி இருந்தது. அந்த விலக்குகளுக்குப் பின்னால் ஒரு வயிற்றுப்பாடு இருந்தது. அந்தப் பட்டியலில் நாயின் காது இல்லை, வால் இல்லை, பூனையின் நகமும் இல்லை. சரி, குற்றத்துக்கு என்ன தண்டனை? முதல் தடவை என்றால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை அபராதம். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் டீ குடித்தால் வருகிற காசு. 1960-க்குப் பிறகு எல்லாமே விலை ஏறிவிட்டது, ஒரு உயிரின் காதைத் தவிர.

இதையே கோழிப் பண்ணை வரை நீட்டிப் பாருங்கள். முட்டைக்கோழிக் குஞ்சின் அலகு நுனியைச் சூடான தகட்டில் வைத்து நறுக்குகிறார்கள். ஏன்? நெருக்கமாக அடைத்தால் ஒன்றை ஒன்று கொத்தும். கூண்டைப் பெரிதாக்க வேண்டிய இடத்தில் அலகைச் சின்னதாக்குகிறார்கள். அமெரிக்க சோபாவும் நம் கூண்டும் ஒரே யோசனையில் பிறந்தவை.

நமக்கு நகத்தின் மேல் வெறுப்பு இருப்பதாகவும் சொல்ல முடியாது. பிள்ளைகள் கழுத்தில் புலிநகம் போட்டு அழகு பார்த்த சமூகம் இது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வந்த பிறகும் அந்த ஆசை போகவில்லை. அசலுக்குப் பதில் நகம் மாதிரி செய்து தங்கத்தில் கட்டிப் போடுகிறோம். நகம் நம் கழுத்தில் தொங்கினால் வீரம். அதன் காலிலேயே இருந்தால் தொந்தரவு.

திருச்சுழியில் 1879-ல் ஒரு பிள்ளை பிறந்தது. வேங்கடராமன் என்று பேர். திருவண்ணாமலைக்குப் போய் ரமணர் ஆனவர். அவருடைய ஆசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும் இருக்கின்றன. விலங்குகளை அவர் ‘அது’ என்று சொல்வதில்லை, அவன், அவள் என்றுதான் சொல்வார் என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் இலக்கணம் இவற்றையெல்லாம் அஃறிணையில் வைத்தது. எனக்கு ரமணர் அளவுக்குப் போகிற யோக்கியதை இல்லை, இந்தக் கட்டுரை முழுக்க ‘அது’ என்றுதான் எழுதியிருக்கிறேன். அதுக்கும் வலிக்கும் என்று ஒத்துக்கொள்வதற்குச் சாமியாராக வேண்டியதில்லை. பாவின் மேல் பழைய வேட்டியைப் போர்த்திய ஆள் சாமியார் இல்லை. பூனையைத் திட்டிக்கொண்டேதான் போர்த்தினார்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் சென்னையிலோ பெங்களூரிலோ அபார்ட்மெண்டில் இருப்பீர்கள். பெர்ஷியன் பூனையும் ஹஸ்கியும் ஆன்லைனில் விலை கேட்டிருப்பீர்கள். வாங்குவதற்கு முன்னால் அதன் உடம்பு என்னென்ன செய்யும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பிராண்டும், குரைக்கும், முடி கொட்டும், தாவும். இதில் எதற்கு உங்கள் வீட்டில் இடம் இல்லையோ, அந்த வீட்டில் அந்தப் பிராணிக்கும் இடம் இல்லை. வாங்காதீர்கள். பூனையின் வடிவம் மட்டும் போதும் என்றால் திருவிழாக் கடையில் மண் பொம்மை கிடைக்கும், தலைகூட ஆட்டும்.

ஊர்ப்பக்கம் இருக்கிறவர்களுக்கு வேலை இதைவிடக் கஷ்டம். வெட்டுகிறவர் நம் மாமாவாக, பங்காளியாக, பக்கத்துக் காட்டுக்காரராக இருப்பார். சட்டப் பிரிவைச் சொன்னால் சிரிப்பார். அதனால் குட்டி போட்ட வீட்டுக்குப் பிளேடு வருவதற்கு முன்னால் நாம் போக வேண்டும். “மாமா, இந்தக் குட்டிய எனக்குக் குடுங்க, காத மட்டும் விட்ருங்க” என்று கேட்டு வாங்க வேண்டும். காது தொங்குகிற நாய்க்கு விலை இல்லை என்கிற வரைக்கும்தான் பிளேடுக்கு வேலை. தொங்குகிற காதோடு நாலு நாய் நம் வாசலில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தால் அஞ்சாவது குட்டிக்கு யாரும் பிளேடு தேட மாட்டார்கள்.